இரவு மாஸ்க்கும் மூக்குப் புண்ணும்



படுவான்கரையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது என்று வைத்தியர்கள் கண்டுபிடித்து, முகத்தில் மாஸ்க் கட்டிக் காற்றுச் செலுத்தும் மெசின் ஒன்றை இரவில் பாவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சாள், காலமான தன் கணவர் பாவித்த மெசினைப் பார்சலில் அனுப்பியிருக்கிறார். ஐந்தாம் நாள் விடிய எழும்பியபோது மூக்குத் தண்டில் தோல் உரிந்து, இரண்டு கன்னத்திலும் வார் பதிந்த கோடு. கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண், "என்னகா இது, அவர் கை வச்சிட்டாரா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிரவே மெசின் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. "இதெல்லாம் எழுதுற அளவுக்கு ஒரு வருத்தமா எண்டும் யோசிச்சன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

எழுதவேண்டிய வருத்தம்தான். நானும் ஆறு வருடங்களாக இந்த மாஸ்க்குடன் தூங்குகிறவள் என்பதால் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன். (உண்மையாகவே அடிவாங்கிய பெண்கள் "கிணத்தடியில சறுக்கி விழுந்திட்டன்" என்று சொன்ன நாட்களில் தலையாட்டிவிட்டுப் போன சனம், இப்போது மாஸ்க் தழும்பைப் பார்த்துத் துப்புத் துலக்குகிறது. அதைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது.)

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. 10 செக்கன் அல்லது அதற்கு மேலாக மூச்சு நிற்கிறது. மூளை பதறி எழுப்புகிறது, மூச்சு திரும்புகிறது, மறுபடி அடைக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் 5 தடவைக்கு மேல் இவ்வாறு நடந்தால் நோய் எனவும், 30 தடவைக்கு மேல் என்றால் கடுமையானது எனவும் வைத்தியர்கள் கணக்கிடுகின்றனர். இரத்த அழுத்தம் கூடுவதற்கும் இதயம் பாதிக்கப்படுவதற்கும் இது ஒரு காரணம். உடல் பருத்தவர்களுக்கே அதிகம் வருகிறது என்றாலும் மெலிந்தவர்களுக்கும் வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இதன் வாய்ப்புக் கூடுகிறது.

ஆண்களுக்கென்றால் குறட்டைச் சத்தத்தில் வீடே எழும்பும், மனைவி வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவாள். பெண்களிடம் பலவேளைகளில் இந்நோய் காலைத் தலையிடியாகவும், ஓயாத களைப்பாகவும், நித்திரை வராமையாகவும், மனச் சோர்வாகவும் தெரிகிறது. எங்களுடைய பகுதியில் ஒரு பெண் நித்திரை இல்லை என்று சொன்னால் காரணம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்: 1990, காணாமல் போன மகன், வாகரையிலிருந்து நடந்து வந்த நடை. அந்தக் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் யோசனையால் கெடும் தூக்கமும் மூச்சு அடைத்துக் கெடும் தூக்கமும் ஒரே உடம்பில் ஒன்றாக இருக்கலாம். முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் விடுகிறார்கள். இதில் ஆபத்தும் உண்டு. சில தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டக்கூடியவை. மாத்திரை எடுக்கும் சகோதரிகள் அதைத் திடீரென நிறுத்த வேண்டாம். குறட்டையோ மூச்சு நிற்பதோ இருந்தால் மாத்திரை எழுதும் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி மாஸ்க்கிற்கு வருவோம். 1980இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியர்தான் இம்முறையை முதன்முதலில் ஒரு நோயாளியிடம் செய்து பார்த்தார். அடுத்த வருடம் அது மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. அந்தக் காலத்து மாஸ்க்கை நினைத்தால் இன்றைய எங்கள் பாடு பரவாயில்லை. நோயாளியின் மூக்கை அச்செடுத்து, அந்த அச்சில் மாஸ்க் செய்து, ஒவ்வொரு இரவும் அதைச் சிலிக்கன் பசையால் முகத்தில் ஒட்டினார்கள். காலையில் உரித்தெடுக்க வேண்டும். அப்படியும் நோயாளிகள் பாவித்தார்கள், ஏனென்றால் பல வருடங்களுக்குப் பிறகு நித்திரை கொண்டிருந்தார்கள். அன்று தொடக்கம் இன்றுவரை மெசினைச் செய்கிறவர்களுக்கு ஓயாத தலையிடி காற்றைவிட முகத்தோல்தான். மெசின் சரியாகவே வேலை செய்யும், மூக்குப் புண்ணால்தான் மனிதர்கள் அதைக் கழற்றி வைப்பார்கள்.

புண் எப்படி வருகிறது? மூக்குத் தண்டில் தோலுக்கும் எலும்புக்கும் இடையில் சதை இல்லை. அங்கே மணிக்கணக்காக அழுத்தினால் சின்ன இரத்தக் குழாய்கள் நசிந்து தோலுக்கு இரத்தம் போகாமல் விடுகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு முதுகில் வரும் படுக்கைப் புண்ணும் இதே வகைதான். 2020இல் கொரோனா விடுதிகளில் நாள் முழுவதும் மாஸ்க் கட்டிய தாதியரின் மூக்கில் இந்தப் புண்ணை உலகமே படங்களில் பார்த்தது.

கடிதம் எழுதிய சகோதரி, காற்று ஒழுகுகிறது என்று வாரை ஒவ்வொரு இரவும் ஒரு பிடி கூட இறுக்கியிருக்கிறார். அநேகமானோர் செய்வது இதுதான், பலருக்கு அப்படித்தான் சொல்லியும் கொடுக்கப்படுகிறது. ஆனால் மாஸ்க்கின் விளிம்பிலுள்ள மெல்லிய சிலிக்கன் மெத்தை, காற்றால் நிரம்பிப் பலூனைப் போல முகத்தில் ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டது. வாரை இறுக்கினால் மெத்தை நசிந்து மடிகிறது. மடிந்த இடத்தால் காற்று ஒழுகுகிறது. ஒழுகுகிறது என்று இன்னும் இறுக்குகிறோம். மெசின் தரும் அழுத்தம் சாதாரணமாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் உயரமான தண்ணீரின் அழுத்தம் அளவே. 20 சென்ரிமீற்றர் என்றால் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் உயரம்கூட இல்லை. அதைப் பிடித்து வைக்க மாட்டைக் கட்டுவது போலக் கட்டத் தேவையில்லை.

சரியான முறை இது. இருந்துகொண்டு கட்டாமல், படுத்துக்கொண்டு கட்டுங்கள், படுத்தால் முகத்துச் சதை இடம் மாறும். வார்களைத் தளர்த்தி, மெசினைப் போட்டுக் காற்று வரும்போது மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றுத் தூக்கி விடுங்கள். மெத்தை காற்றால் நிரம்பும். அப்படியே மெதுவாகத் திரும்ப வையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஒழுக்கு நிற்கும் மட்டும் இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். வாருக்குக் கீழே இரண்டு விரல் போகவேண்டும். கண் பக்கமாகக் காற்று அடித்தால் கண் சிவந்து எரியும், அதை மாத்திரம் விட்டுவைக்கக் கூடாது. கன்னப் பக்கம் கொஞ்சம் ஒழுகினால் மெசின் அதைச் சமாளித்துக்கொள்ளும்.

காலையில் தழும்பைப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாமல் நின்றால் புண்ணுக்கு அது முதல் படி. புத்தகங்களில் "தோல் சிவந்தால் கவனிக்கவும்" என்று எழுதியிருக்கும். எழுதியவர்கள் வெள்ளைத் தோலை நினைத்து எழுதியது. எங்களுடைய தோலில் சிவப்புத் தெரியாது. கறுத்தோ ஊதா நிறமாகவோ தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. ஆகவே விரலால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, நோவாக இருந்தால் அதுதான் உங்கள் சிவப்பு. தோல் கிழிந்திருந்தால் அந்த இடத்தின் மேல் அதே மாஸ்க்கை மறுபடி கட்ட வேண்டாம். கிளினிக்கில் காட்டுங்கள். காயத்துக்கு மேல் ஒட்டும் மெத்தை போன்ற பிளாஸ்ரர் உண்டு. மூக்குத் தண்டில் படாமல், நாசித் துவாரத்தில் மாத்திரம் பொருந்தும் சிறிய வகை மாஸ்க்கும் உண்டு. வாயால் மூச்சு விடுபவர்களுக்கும் அதிக அழுத்தம் தேவைப்படுபவர்களுக்கும் அது எப்போதும் சரிவராது என்பதால் கேட்டுத்தான் மாற்றவேண்டும்.

அளவும் முக்கியம். எனக்கு முதலில் தரப்பட்ட மாஸ்க் ஆண்களின் முகத்துக்கானது. தந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. "எல்லாருக்கும் இதுதான் மிஸ்" என்றார்கள். மேசையில் மாஸ்க்கை வைத்துவிட்டு, அளந்து பார்த்துத் தரும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அரை மணித்தியாலம் கழித்து உள்ளே ஒரு பெட்டியில் சின்ன அளவு இருந்தது! வெளிநாட்டிலிருந்து ஒரு மைத்துனரின் மாஸ்க் வந்தால் அது உங்கள் மூக்குக்குப் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. மெசின் வந்தாலும் மாஸ்க் உங்களுடையதாக இருக்கட்டும். காற்றின் அழுத்தத்தையும் வைத்தியர் உங்களுக்கென்று மாற்றி அமைக்கவேண்டும், இறந்தவருக்கு வைத்த அளவில் நீங்கள் தூங்க முடியாது.

பார்சலில் வரும் மெசினில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி, அந்த வருடம் ஏப்ரல் கடைசிக்கு முன்னர் செய்த பல வகை மெசின்களைத் திருப்பி அழைத்தது. முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் மெசின் அவற்றில் ஒன்று. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு உக்கிப் பொடியாகி, மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதே காரணம். அதிக வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் அது விரைவாக உக்கும் என்றும் சொல்லப்பட்டது. வாவிக்கரையில் இருக்கும் எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மெசினின் அடியில் பெயரும் இலக்கமும் இருக்கும். அனுப்புகிறவர்களிடம் முதலில் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பார்சல் போடச் சொல்லுங்கள்.

தோல் எரிச்சலுக்கும் கடிக்கும் பெரும்பாலும் மாஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரவிலும் வியர்க்கிறது. வியர்வை, முகத்து எண்ணெய், தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் எல்லாம் சிலிக்கனுக்குக் கீழே தேங்கி ஊறுகின்றன. படுக்கமுன் முகத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள். மஞ்சள், சந்தனம், பவுடர், வசிலின் ஒன்றும் வேண்டாம். வசிலின் சிலிக்கனையே பழுதாக்கும். தலைக்கு எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றினால் வாரும் இழுபடாது. கொண்டையைப் பின்னந்தலையில் போட்டால் வார் ஏறி இறங்கும், தாழ்வாகப் பின்னி விடுவது நல்லது. காத்தான்குடியில் ஒரு ராத்தா மெல்லிய பருத்தித் தொப்பி போட்டு அதன்மேல் வார் கட்டுகிறார், கடியே இல்லையாம். பழைய பருத்திச் சேலையில் மெத்தையின் அளவுக்கு வட்டமாக வெட்டி இடையில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வியர்வையை உறிஞ்சும்தான், ஆனால் மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பே புதுத் தழும்பு போடும். காற்றுத் துவாரங்களை அது மூடவும் கூடாது.

மெத்தையைத் தினமும் காலையில் மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, நன்றாக அலசி, நிழலில் காயவிட வேண்டும். டெற்றோல் போட்டால் சுத்தம் என்று நினைக்கிறோம். அதன் மிச்சம் இரவில் முகத்தில் எரியும். வெயிலில் போட்டால் சிலிக்கன் கெடும். ஈரப்பதன் தரும் தண்ணீர்ப் பெட்டி உள்ள மெசின் என்றால் அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். எங்களுடைய கரையோரக் கிணறுகளின் சவர்த்தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, பெட்டியில் படியும்.

மாஸ்க்கின் அதே வடிவத்தில் அல்லது வாரின் கோட்டில் கொப்புளமும் கடியும் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். வாரிலுள்ள இறப்பர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வேறு வார் போட்டால் தீரும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்ரீரொயிட் கிறீம்களையும் முகம் வெள்ளையாக்கும் கிறீம்களையும் இதற்குப் பூச வேண்டாம். ஸ்ரீரொயிட் தோலை மெலிதாக்கும். வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றிலும் அது கலந்திருக்கிறது. மெலிந்த தோல் மாஸ்க்கின் கீழ் இன்னும் விரைவாகக் கிழியும்.

அடுத்ததை, சகோதரிகளே, தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். புதிய மாஸ்க்குகள் சிலவற்றில் வாரைக் கொழுவுவதற்குக் காந்தம் வைத்திருக்கிறார்கள். "டக்" என்று பொருந்தும், விரல் நோவு உள்ளவர்களுக்கு வசதி. ஆனால் 2022 செப்டெம்பரில் பிலிப்ஸ் கம்பெனி, இப்படிக் காந்தம் வைத்து விற்ற தன் மாஸ்க்குகள் 1 கோடி 70 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு எச்சரிக்கை விடுத்தது. 2023 நவம்பரில் ரெஸ்மெட் கம்பெனியும் அவ்வாறே எச்சரித்தது. இதய பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாயில் போட்ட உலோகக் கிளிப், காதுக்குள் வைத்த கேட்கும் கருவி போன்றவை உள்ளவர்கள் இந்தக் காந்தத்தைப் பாவிக்கவோ 6 அங்குலத்துக்குள் நெருங்கவோ கூடாது. அந்தப் பட்டியலில் கண்ணுக்குள் இருக்கும் உலோகச் சிதறலும் உண்டு.

அந்த வரியை வாசித்தபோது எனக்கு எங்களுடைய சனம்தான் நினைவுக்கு வந்தது. எடுக்க முடியாது, அப்படியே இருக்கட்டும் என்று வைத்தியர்கள் விட்ட ஷெல் துண்டுகளோடு எத்தனை பெண்கள் வாழ்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள். மெசின் தருகிறவர் "உங்கட உடம்பில இரும்பு இருக்கா?" என்று கேட்கமாட்டார், அவருடைய படிவத்தில் யுத்தம் என்று ஒரு கேள்வி இல்லை. நீங்களாகச் சொல்லுங்கள். கண், முகம், தலை, கழுத்து, நெஞ்சு எங்காவது துண்டு இருந்தால், பழைய எக்ஸ்றேயைக் கொண்டுபோய்க் காட்டி, காந்தம் இல்லாத மாஸ்க் கேளுங்கள். அவை தாராளமாக இருக்கின்றன. உங்களுடன் ஒரே பாயில் படுப்பவருக்கும் இது பொருந்தும். கண்ணில் துண்டோடு இருப்பவர் உங்கள் கணவராகவோ மகளாகவோ இருந்தாலும் காந்த மாஸ்க் வேண்டாம்.

சிலருக்குப் புண்ணே இல்லை, மாஸ்க்கைக் கண்டாலே நெஞ்சு அடிக்கிறது. யாரோ வாயைப் பொத்துவது போல இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. இப்படியானவர்களை "பழகிப் போகும்" என்று இரவில் கட்டிப் படுக்க வைப்பது சரியல்ல. பகலில், வெளிச்சத்தில், மெசின் இல்லாமல் மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்து, வேண்டியபோது எடுத்துவிட்டுப் பழகவேண்டும். பிறகு ரீ.வி. பார்க்கும்போது பத்து நிமிடம் வாரோடு, மறுகா காற்றோடு. கிழமைக்கணக்காகச் செல்லலாம். வாயை மூடாத நாசி மாஸ்க் இவர்களுக்குப் பெரும்பாலும் சுகம். பயம் விடாவிட்டால் உளநல கிளினிக்கிலும் சொல்லுங்கள், அவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது நான் எத்தனையோ இரவு மெசின் இல்லாமல் படுத்தேன். மாஸ்க்கில் மூச்சு வெளியேறத் துவாரங்கள் உண்டு. மூக்கையும் வாயையும் மூடும் வகையில், காற்று நின்றால் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வும் உண்டு. அதனால் திடீரென மூச்சு முட்டிப்போகாது. ஆனாலும் கழற்றிவிட்டு, ஒருக்களித்துப் படுங்கள், தலைப் பக்கத்தை உயர்த்துங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சடைப்புக் கூடும். அந்த வால்வில் அழுக்கு அடையாமல் இருக்கிறதா என்று மாஸ்க் கழுவும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் நாளில் கொப்பியை மாத்திரம் கொண்டு போகாமல், மாஸ்க்கையும் ஒரு சுத்தமான துணிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மண்முனைப் பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு, "வீட்டில இருக்கு டொக்டர்" என்று சொன்னால் அடுத்த திகதிதான் தருவார்கள். தூக்க மாத்திரைகள் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுபற்றிக் கேட்க இருப்பவர்கள் இந்த மாதம் இருபதாந் திகதிக்கு முன் எழுதிப் போடுங்கள்.